தண்ணி கலக்கவா?

ஆகஸ்ட் 5, செவ்வாய். தாப்பா

மலைக்குப் போகும் பஸ் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று டிக்கெட் கொடுப்பவருக்கும் தெரியவில்லை. நல்லது, எழுத நேரம் கிடைத்தது.

மூன்று மாதமாக முதுகில் பையைச் சுமந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவு. தாய்லாந்தில் யார் பக்கமும் காலை நீட்டக் கூடாது. லாவோஸில் குழந்தையின் தலையைத் தொட்டுக் கொஞ்சக் கூடாது. வியட்நாமில் சோற்றுக்குள் குச்சியைச் செங்குத்தாகக் குத்திவைக்கக் கூடாது. நான் குத்தினேன், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். மரியாதையாக இருந்து இருந்து எனக்கு உடம்பே வலிக்கிறது.

இனி ஓய்வு. கோலாலம்பூருக்கு வடக்கே கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட், அதில் ஒரு தமிழ்க் குடும்பம். பயணிகளுக்கு வீட்டில் இடம் கொடுக்கும் செயலி ஒன்றில் யோகேஸ்வரி பழக்கமானாள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி தோட்டத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அப்பா தங்கராஜு எஸ்டேட் லாரி ஓட்டுகிறார், அம்மா சரோஜா தேயிலை பாக்கெட் போடும் இடத்தில். “ரெண்டு வாரம் இருங்கக்கா, எங்க வீட்டு ஆளு மாதிரி இருக்கலாம்” என்று எழுதியிருந்தாள். வீட்டு ஆள்! இந்த மூன்று மாதத்தில் யாரும் என்னை அப்படிச் சொல்லவில்லை. விருந்தாளியாக இருந்து அலுத்துவிட்டது. ஒரு சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தமிழர் வீடு. இங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கப்போகிறது?

ஆகஸ்ட் 6, புதன். எஸ்டேட்

நேற்று ரிங்லெட்டில் இறங்கினேன். தங்கராஜு அங்கிள் வந்து கூட்டிப்போனார். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், இங்கே லயன் என்கிறார்கள். வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்து, “ஊர்க்காரப் பொண்ணு வந்துருச்சு” என்றார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. கால் வைத்த உடனே ஊர்க்காரி ஆக்கிவிட்டார்களே என்று யோகேஸ்வரியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். இங்கே ஊர் என்றால் இந்தியாவாம். அதாவது ஊர்க்காரி என்றால் இந்த ஊர்க்காரி இல்லை என்று அர்த்தம். சரி. ஒரு பாடம்தானே, போகட்டும்.

நேற்றுச் சாயங்காலமே ஒரு சங்கடம். நன்றாகவே சமாளித்தேன் என்று நினைக்கிறேன். பையை இறக்கிவைத்துவிட்டு முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மழை வேறு. சரோஜா ஆன்ட்டி, வாய் நிறைய சிரிப்போடு, “குளுரா இருக்கும், தண்ணி கலக்கவாம்மா?” என்று கேட்டார்.

தூக்கிவாரிப்போட்டது. வந்த அன்றைக்கேவா? அதுவும் புருஷன், வயசுப் பெண் எதிரிலா? எஸ்டேட் பக்கம் குடி அதிகம் என்று எங்கோ படித்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் என்று நினைக்கவில்லை. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று மாதப் பயிற்சி இதற்குத்தானே. அழகாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “ஐயோ வேண்டாம் ஆன்ட்டி. தண்ணியெல்லாம் நாங்க தொடமாட்டோம். எங்க வீட்ல யாருமே தொட்டதில்ல.” அவர் முகம் வாடியது மாதிரி இருந்தது, அதனால் ஆறுதலாக இதையும் சேர்த்தேன்: “நீங்க குடிங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அவங்கவங்க வழக்கம் அவங்கவங்களுக்கு.”

யாரும் குடிக்கவில்லை. எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார்கள் போல. நல்ல மனசு.

பேச்சை மாற்ற, உங்கள் பூர்வீகம் எந்தப் பக்கம் என்று அங்கிளிடம் கேட்டேன். இதே மலையில், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்றார். அதற்கு முன்னால், தாத்தா காலத்தில், எந்த மாவட்டம், எந்தக் கிராமம் என்று விடாமல் கேட்டேன். லாரிக்குத் தார்ப்பாய் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். கூச்ச சுபாவம்.

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. இதுவரை ஒரு வாய் டீ வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் கதவுக்கு வெளியே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட் பாக்கெட்டுகள். மதியம் ரிங்லெட் கடையிலிருந்து சைவச் சாப்பாடு பொட்டலம். நான் சைவம் என்று யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. சமையலறையிலிருந்து நெத்திலி சம்பல் வாசனை வந்து என்னைக் கொன்றுகொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல் உள்ளே போனேன். வெங்காயம் உரித்துத் தரட்டுமா என்றேன். சரோஜா ஆன்ட்டி அவசரமாக எழுந்து வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார். “இல்லம்மா, நீங்க அங்கயே உக்காருங்க. கடைச் சாப்பாடுதான் ஒங்களுக்குச் சரியா இருக்கும்.” கனிவாகத்தான் சொன்னார். ஆனால் வழியை விட்டு நகரவில்லை.

வந்த அன்று சிரித்தது மாதிரி இன்று சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் நானும் நின்றேன், கையில் கிண்ணத்தோடு. தங்கம்மா என்று ஒரு பெரியம்மா அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒரு பங்களாதேஷ்காரருக்கு ஊற்றினார், ஒரு நேபாளிக்கு ஊற்றினார், படம் எடுக்க வந்த சீனப் பெண்ணுக்கு ஊற்றி வெங்காயமும் கொடுத்தார். என் கிண்ணத்தை நீட்டினேன். பக்கத்தில் நின்ற சரோஜா ஆன்ட்டி, தங்கம்மாவின் கையைப் பிடித்துவிட்டார். “அவங்களுக்கு வேணாங்க்கா.”

அவ்வளவுதான். அகப்பை திரும்பிவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவர் என்னைத் தாண்டிக் கிண்ணத்தை நீட்டினார்.

எனக்கு மட்டும் ஏன் இல்ல? நான் என்ன பண்ணேன்? சாமி கூழ் கூடவா குடுக்கக் கூடாது? கோயிலுக்குப் பின்னால போய் அழுதேன். முப்பத்தொரு வயசுல, வெறும் கிண்ணத்த வச்சுக்கிட்டு. அசிங்கமா இருக்கு.

ஆகஸ்ட் 9, சனி

தெளிந்துவிட்டேன். உணர்ச்சிவசப்படாமல் யோசித்தால் விஷயம் தெளிவாகத்தான் இருக்கிறது. தனி பாட்டில், தனிச் சாப்பாடு, சமையலறைக்குள் விடுவதில்லை, பிரசாதம் இல்லை. இவர்களிடம் ஏதோ தீட்டு வழக்கம் இருக்கிறது. வெளியாளிடம் புழங்க மாட்டார்கள். அதிலும் தமிழ் வெளியாள் என்றால் இன்னும் கண்டிப்பு போலிருக்கிறது. இந்தக் காலத்தில், ஆயிரம் மைலுக்கு மேல் கடல் தாண்டி வந்த பிறகும் இது விடவில்லை பார். இப்படி ஒதுக்கப்படுவது எனக்கு இதுதான் முதல் தடவை. வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பயணம் செய்கிறவள் பணிந்து போக வேண்டும். அதனால் நானே ஒரு முடிவெடுத்தேன். எனக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் ரிங்லெட்டில் வாங்கிவந்து, என் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நானே வெளிக்குழாயில் கழுவினேன். சரோஜா ஆன்ட்டியிடம் போய்ச் சொல்லவும் செய்தேன். “நீங்க சங்கடப்பட வேண்டாம் ஆன்ட்டி. எனக்குப் புரியுது. நான் தனியாவே வச்சுப் புழங்கிக்கறேன்.”

அவர் என் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிங்கம்மா” என்றார். யோகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று வேலைக்குப் போய்விட்டாள். இவ்வளவு பெருந்தன்மையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. ரிங்லெட்

எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மழைக்கு ஒதுங்கி அப்துல் சுக்கூர் பாய் கடைக்குள் போனேன். ரொட்டி சானாய் சொன்னேன். அவர் அடுத்த மேஜையைத் துடைத்துக்கொண்டே, “தண்ணி என்னாம்மா?” என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பாய் கடையிலுமா? குரலைத் தாழ்த்தி, இங்கே அதெல்லாம் விற்பீர்களா என்று கேட்டேன்.

எது என்றார். தண்ணி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்து மேஜையில் ஒரு பையன், “அண்ணே, தண்ணி தே ஓ” என்று சத்தம் போட்டான். பால் இல்லாத டீ வந்தது. அதற்குப் பக்கத்து மேஜைக்கு, தண்ணி மைலோ. ஒரு கிழவர், தண்ணி இஞ்சி டீ.

பாய்க்கு விஷயம் புரிந்து, தோளில் கிடந்த துண்டு நழுவிவிழும்வரை சிரித்தார். ஊர்லேர்ந்து வர்றவங்க எல்லாருக்கும் இதே கூத்துதான் என்றார். இங்கே தண்ணி என்றால் டீ, காபி, குடிக்கிற எதுவும். தண்ணி கலக்குவது என்றால் டீ போடுவது. அவ்வளவுதான்.

நானும் சிரித்தேன். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தபோதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன்?

நாங்க தொடமாட்டோம். எங்க வீட்ல யாருமே தொட்டதில்ல.

டீ போடட்டுமா என்று கேட்ட அம்மாவிடம். அதோடு நிற்காமல் பூர்வீகம் எது, கிராமம் எது என்று அந்த மனுஷனைத் துருவியிருக்கிறேன். கடைசியில் தனித் தட்டு, தனி டம்ளர், ‘எனக்குப் புரியுது’ வேறு.

அய்யோ.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேலை முடிந்து சரோஜா ஆன்ட்டி வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். தேயிலைத் தூள் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கள் பக்கம் தண்ணி என்றால் சாராயம், அதனால்தான் அப்படிச் சொன்னேன், வேறு எந்த எண்ணமும் இல்லை, சத்தியமாக இல்லை. யோகேஸ்வரி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கிளும் சிரித்துவிட்டார். கோயிலில் நான் கூழை மறுத்து எல்லோர் முன்னாலும் அவமானமாகிவிடக் கூடாதே என்றுதான் அம்மா முந்திக்கொண்டு கையைப் பிடித்தாளாம், யோகேஸ்வரி சொன்னாள். அதற்கு முந்தின ராத்திரி முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தாளாம்.

அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன்.

சரோஜா ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப, நான் சாராயம் கலந்து குடுக்க வந்தேன்னு நெனச்சிட்டீங்க.”

நான் வாயைத் திறந்தேன்.

“வந்த அன்னைக்கே. எம் பொண்ண பக்கத்துல வச்சுக்கிட்டு. அது எப்படிம்மா ஒங்களுக்குத் தோணுச்சு?”

எங்கோ படித்தேன் என்று சொல்ல முடியுமா? ஒரு குழியிலிருந்து ஏறி, பக்கத்துக் குழியில் விழுந்திருக்கிறேன். இது முதல் குழியை விட ஆழம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைப் பொட்டலம் நின்றுவிட்டது. வேறு எதுவும் ஆரம்பிக்கவில்லை. பிஸ்கட்.

ஆகஸ்ட் 13, புதன்

நாளைக்குக் கிளம்பிவிடலாம் என்று பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். சரோஜா ஆன்ட்டி கதவருகே வந்து நின்றார். “தேங்கா திருவத் தெரியுமா ஒனக்கு?” என்றார்.

ஒனக்கு! இத்தனை நாள் வாங்க, உக்காருங்க, சரிங்கம்மா. அந்த மரியாதையெல்லாம் எனக்கு எவ்வளவு கசந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

சமையலறையில் இடம் போட்டுக்கொடுத்தார். தேங்காய் திருவினேன், பிறகு வெங்காயம். ஒரு மூட்டை இருக்கும். டீ வந்தது, கெட்டிப்பால் ஊற்றி, பல் கூசுகிற இனிப்பு. அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

யோகேஸ்வரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை இந்தியாவுக்குப் போனார்களாம். மாமனார் பிறந்த கிராமத்தைப் பார்க்க. வெயில், குழந்தைக்குத் தாகம். ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள்.

“எந்தத் தெரு ஆளுங்கன்னு கேட்டாங்க. நமக்கு என்னா தெரியும்லா? இவரு, அவங்கப்பா இருந்த தெரு பேரைச் சந்தோசமாச் சொன்னாரு. அந்தம்மா செம்போட வந்து, கையக் குவிக்கச் சொல்லி மேலேர்ந்து ஊத்துச்சு. டம்ளர் குடுக்கல. யோகேசு வெளையாட்டுன்னு நெனச்சு சிரிச்சா. நானும் சிரிச்சேன், புள்ள பயந்துருமேன்னு. அப்புறம் ஊர்ப் பக்கமே போகல.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் இருந்ததால் காரணம் சொல்லத் தேவைப்படவில்லை. அதெல்லாம் கிராமத்தில் இருக்கும் ஆன்ட்டி, எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையவே கிடையாது, நீங்கள் திருச்சிக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று படபடவென்று சொன்னேன். சத்தியம் செய்யாத குறை.

“பாப்போம்” என்றார். “அடுப்ப அமத்து.”

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இட்லி மாவு, சம்பல், சப்பாத்தி, திரும்ப வெங்காயம். லயனில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் உரிப்பதற்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். வீட்டு ஆளாக இருப்பது இவ்வளவு வேலை என்று தெரிந்திருந்தால் விருந்தாளியாகவே இருந்திருப்பேன். நாளை மறுநாள் கிளம்ப வேண்டும், மனசே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய். திருச்சி

வீட்டுக்கு வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவிடம் பயணக் கதையெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. தண்ணி கதைக்கு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பாவப்பட்டவர்களுக்குக் கையில் தண்ணீர் ஊற்றிய கதைக்கு உச்சுக் கொட்டினாள். இன்னுமா இப்படி மனுஷங்க இருக்காங்க என்றாள்.

இன்று ஆண்டியப்பன் வந்திருந்தார், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவ. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அவர்தான் வருகிறார். தொட்டிக்குள் இறங்கி, தேய்த்து, பாசியெல்லாம் சுரண்டி எடுத்தார். நாங்கள் குடிக்கிற தண்ணீர் நிற்கிற தொட்டி. இறங்கிவந்து தாகத்துக்குக் கேட்டார். அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: “மலரு, கொல்லைப்பக்க ஜன்னல்ல டம்ளர் இருக்கு பாரு. அதுல ஊத்திக் குடு.”

நான் போனேன். டம்ளர் இருந்தது. விளிம்பு நசுங்கிய ஒரு எவர்சில்வர் டம்ளர். ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, தானே குழாயில் கழுவி, அதே ஜன்னலில் கவிழ்த்துவிட்டுப் போனார். என்னைப் பார்த்து, வெளிநாடெல்லாம் சுத்திட்டு வந்தியா பாப்பா என்று கேட்டார்.

அந்த டம்ளர் எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். எத்தனை தடவை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

சரோஜா ஆன்ட்டி அன்றைக்கு என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளவே இல்லை.

செப்டம்பர் 10, புதன்

அந்த டம்ளரைத் தனியாக வைத்திருப்பது சுத்தத்துக்காகத்தானாம், அம்மா சொல்கிறாள். தொட்டி கழுவியவரிடம் சுத்தம்.

அக்டோபர் 26, ஞாயிறு

யோகேஸ்வரியிடமிருந்து குரல் செய்தி. டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்கு விமானம், மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. முதலில் அப்பாவும் அவளும் மட்டும் என்று இருந்ததாம், அம்மா வரமாட்டேன் என்றிருந்தாளாம். பின்னால் சரோஜா ஆன்ட்டியின் குரல், தூரத்திலிருந்து: “மலரு வீட்டுக்குன்னா நானும் வரேன்னு சொல்லு.”

மூன்று தடவை கேட்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் மகிழ்ச்சிதான். மெத்தை வாங்க வேண்டும், காரம் சாப்பிடுவார்களா என்று அடுக்கிக்கொண்டே போனாள். நடுவில், வெகு இயல்பாக, “என்ன ஆளுங்க?” என்றாள்.

“எஸ்டேட் ஆளுங்க.”

“அது இல்லடி.”

நான் பேச்சை அவர்கள் வரும் தேதிக்கு மாற்றினேன். அம்மாவும் திரும்பக் கேட்கவில்லை, ஆனால் மெத்தைப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

அவர்கள் இங்கே தங்குவதைப் பற்றி ஒரு வாரமாகச் சண்டை. நான் கத்தினேன், அம்மா அழுதாள், அப்பா பேப்பர் படித்தார். பேசிப் பார்த்தது போதும் என்று தோன்றிவிட்டது.

இன்று காலை ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்துவந்து, அம்மா எதிரிலேயே அதில் காபி ஊற்றிக் குடித்தேன். எதிரே உட்கார்ந்து, மெதுவாக, கடைசிச் சொட்டு வரை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அதை வாங்கிக் கழுவினாள். துடைத்தாள். ஜன்னல் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள். அடுக்களை அலமாரியைப் பார்த்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் டம்ளரைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.